ஐந்து மணி பஸ்ஸும் அப்பாவின் தலைவலியும்

எங்கள் அப்பாவின் தலைவலிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். ஆவணியில் வந்து சேர்ந்தால் ஐப்பசி வரைக்கும், வேலந்தாவளம் போகிற ஐந்து மணி பஸ் ஹாரன் அடிக்கும்போது தினமும் ஆஜராகிவிடும். பஸ்ஸாவது சில நாள் பஞ்சராகி நிற்கும். வலது கண் மட்டும் சிவந்து நீராகக் கொட்டும். அப்பாவால் படுக்க முடியாது, உட்கார முடியாது. தலையைப் பிடித்துக்கொண்டு தோப்புக் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடப்பார். ஒரு மணி நேரம் போனால் ஒன்றுமே நடக்காதது போல் வந்து காப்பி கேட்பார். பாலக்காட்டில் ஒரு டாக்டர், பல்லால்தான் வருகிறது என்று நல்ல பல் ஒன்றைப் பிடுங்கினார். பல் போனதுதான் மிச்சம்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா என்னைத் தோப்புக்கு விரட்டுவாள்.

"அப்பாகூடவே நட கண்ணு. என்ன ஆனாலும் உட்டுட்டு வந்தராத."

மற்ற பிள்ளைகள் பாண்டி ஆடிக்கொண்டிருக்க, நான் அப்பாவின் பின்னால் நடந்தேன். சும்மா நடப்பானேன் என்று சுற்றுகளை எண்ணினேன். எண்பது, தொண்ணூறு என்று போனது ஒரு வாரத்தில் அறுபதாயிற்று. பிறகு இரண்டு நாள் பஸ் வந்தது, வலி வரவில்லை. பெரிய வைத்தியச்சி போல நானே அறிவித்தேன்.

"போயிருச்சுங்கப்பா."

என் பேச்சை நம்பி அப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கள்ளு குடித்தார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, வலி வந்து பிடித்துக்கொண்டது. அன்று நடந்த நடையை நான் எண்ணவில்லை. ஒரு சுற்றில் கிணற்றோரம் நின்று, உள்ளே பார்த்துக்கொண்டே, "முடியல அம்மிணி" என்றார் என்னிடம். அம்மா எங்கிருந்து ஓடிவந்தாளோ, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு என் வைத்தியம் அடக்கமாயிற்று. வராத நாளை நம்பக்கூடாது. பஸ் போய் வெகுநேரம் கழித்து வருகிறதா, வந்தாலும் பத்துச் சுற்றில் போகிறதா, கண் காய்ந்திருக்கிறதா, காலையில் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கனம் இறங்கிவிட்டதா என்று பார்த்தேன். ஐப்பசியில் எல்லாம் சரியாக வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

வருஷம் முழுக்கக் கள்ளுக்காக அப்பாவோடு சண்டை போடுகிற அம்மா, அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரமேறுகிறவரிடம் தானே போய் ஒரு சொம்பு வாங்கி வந்தாள்.

"ஏனுங்க, குடிச்சுப் பாருங்க."

அப்பா குடித்தார். நாங்கள் இருவரும் அவர் வலது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் போயிற்று. சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸும் போயிற்று. அப்பா இன்னொரு சொம்பு கிடைக்குமா என்றார். அம்மா சிரித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனி நீ போய் வெளையாடு கண்ணு."

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை நாள் எண்ணியவளை ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டாளே என்று உம்மென்று இருந்தேன். சுற்றை எண்ணத்தான் என்னை அனுப்பினாள் என்று பல வருஷம் நம்பியிருந்தேன். எங்கள் தோப்புக் கிணற்றுக்கு அப்போது சுற்றுச்சுவர் கிடையாது.