எருக்குழியில் கிடந்த செண்ட் பாட்டில்

எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் அறுவடைப் படங்கள் உண்டு. நிலத்துக்காரர் பெரிதாக நிற்பார். கதிர் அறுப்பவர்கள் அவர் முழங்கால் உயரத்தில் வரிசையாகக் குனிந்திருப்பார்கள். ஒருவர் முகத்திலும் களைப்பு இருக்காது. தஞ்சாவூரில் முதுகலை வரலாறு படித்தபோது அந்தப் படங்களை நான் நம்பவில்லை. வரையச் சொன்னவர் நிலத்துக்காரர். அவர் கல்லறையில் கூலிக்காரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டா நிற்பான்? நாங்கள் குத்தகைக்கு உழுபவர்கள். எங்கள் வீட்டிலிருந்து படிக்கப் போன முதல் ஆள் நான்.

பேராசிரியரிடம் சொன்னேன். "அப்ப குப்பையப் பாருங்க. குப்பை பொய் சொல்லாது," என்றார். கல்லறை வேலைக்காரர்கள் வாழ்ந்த ஊரொன்றில், பானை ஓட்டிலும் கல் சில்லுகளிலும் எழுதி, பிறகு தூக்கி எறிந்திருக்கிறார்கள். யார் உடம்பு சரியில்லை என்று வேலைக்கு வரவில்லை, சலவைக்கு என்ன துணி போனது என்பதெல்லாம் அவற்றிலிருந்துதான் தெரிய வந்ததாம். அதிலும் எனக்குச் சந்தேகம். எங்கள் குப்பையைத் தோண்டினால் எங்களைப் பற்றி என்ன தெரியும்?

கோடை விடுமுறையில், திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊரில், கொல்லையில் இருந்த எருக்குழியைத் தோண்டினேன். புத்தகத்தில் பார்த்ததுபோல் மூலைக்கு மூலை குச்சி நட்டுக் கயிறு கட்டினேன். மண்ணைச் சல்லடையில் சலித்தேன். அதுதான் தப்பாகப் போனது. எங்கள் பக்கத்தில் மண்ணைச் சலித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சிலை. அஸ்திவாரம் தோண்டும்போது ஐம்பொன் சிலை கிடைப்பதும், தாசில்தார் ஜீப் வருவதும் இங்கே புதிதில்லை.

"என்னடா தொலைச்ச?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் தொலைக்கலம்மா. படிக்கிறேன்."

"குப்பையிலயா? இதுக்கா தெனம் பஸ் ஏறி தஞ்சாவூர் போன?"

மதில் மேல் பின்வீட்டு மாமாவின் தலை தெரிந்தது. அவர் மகன் துபாயில் இருக்கிறார். கொல்லை முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டதால் அவர்கள் குப்பையும் எங்கள் குழிக்குத்தான் வரும்.

"கெடைச்சா எங்களுக்கும் கண்ணுல காட்டுங்க தம்பி," என்று சிரித்தார். பாதிதான் சிரிப்பு.

மறுநாள் காலையில் நிலத்துக்காரர் காரில் வந்து இறங்கினார். குழி இருக்கும் இடமும் அவருடையதுதான். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

"என்னப்பா, என் எடத்துல என்ன எடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்லைங்கய்யா. பையன் படிப்புக்குத் தோண்டுனான்," என்றார் அப்பா.

"எருக்குழியில என்னப்பா படிப்பு?"

காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். கிடைத்ததையெல்லாம் சாக்கில் பரப்பிக் காட்டினேன். வெளிநாட்டு பிஸ்கட் டின், அரபி எழுத்துப் போட்ட பால் பவுடர் டப்பா, செண்ட் பாட்டில்கள். சிலை இல்லை என்று தெரிந்தும் அவர் முகம் தெளியவில்லை.

"செண்டெல்லாம் போடுறீங்க. குத்தகை நெல்லு அளக்கும்போது மட்டும் தண்ணி வரல, மழை கெடுத்துருச்சும்பீங்க. இந்தத் தடவை வேற ஆளுக்கு விட்டுப் பாக்கலாமான்னு இருக்கேன்."

"அது எங்களுது இல்லைங்கய்யா."

"உங்க குழியிலதானப்பா கெடக்கு?"

நியாயமான கேள்வி. செமினாரில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"ஐயா, இதுல எங்களுது ஒண்ணுமே இல்ல. எங்களுது குழிக்கே வராது," என்றேன். கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த உடைந்த குடத்தின் அடிப்பாகத்தைக் காட்டினேன். கன்றுக்குட்டியைக் கட்டியிருந்த கயிறு அம்மாவின் பழைய சேலை. தவிட்டு வாளி ஒரு காலத்தில் எண்ணெய் டின்.

"பேச நல்லாக் கத்துக்கிட்ட," என்றார் அவர்.

மதிலுக்கு அந்தப் பக்கம் செருப்பு தேயும் சத்தம் கேட்டது.

"மாமா," என்று குரல் கொடுத்தேன். "இந்த செண்ட் பாட்டில் யாருது?"

செருப்புச் சத்தம் நின்றது. பிறகு, "எங்க வீட்டுதாக்கூட இருக்கலாம்," என்றது மதில்.

நிலத்துக்காரர் மதிலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. "குறுவை போடுங்க. சம்பாவுக்குப் பாப்போம்," என்று காரில் ஏறினார்.

சாயங்காலம் வழக்கம்போல் மாமா குப்பை வாளியோடு வந்தார். அம்மா குழிக் கரையில் நின்றுகொண்டு, "கீழ கவுத்துங்கண்ணே, பாப்போம்," என்றாள். குச்சியால் கிளறினாள். காய்கறித் தோலைக் குழிக்குள் தள்ளிவிட்டு, ஒரு பாட்டிலை எடுத்து அவர் வாளியிலேயே திரும்பப் போட்டாள்.

"எங்களுக்குக் குழி இல்லையேம்மா."

"இருந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றாள் அம்மா.