அந்த அம்மா சொன்னது

கோர்ட்டில் நான் குறிப்பேடு வைத்துக்கொண்டதே இல்லை. சாட்சி தமிழில் எவ்வளவு நீளமாகப் பேசினாலும் முழுசாகக் கேட்டுவிட்டு, ஒரு சொல் குறையாமல் மலாயில் சொல்லிவிடுவேன். ஜார்ஜ்டவுனில் இருபத்திரண்டு வருடம் இதுதான் என் வேலை. என் திமிரும் இதுதான். பக்கத்துக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் எழுதி எழுதிச் சொல்வதைப் பார்த்து, இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லையா என்று கிண்டல் பண்ணியிருக்கிறேன். இப்போது அவர் என்னைப் பதிலுக்குக் கிண்டல் பண்ணுவதில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பதினோரு வருடம் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டேன். அது என்னைக் காப்பாற்றியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மகள் கழுத்தில் தாலி ஏறியபோது எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள், நான் மட்டும் பந்திக்குச் சாம்பார் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற வயிறு மரத்துப்போனதே என்று எனக்கே வெறுப்பாக இருந்தது. டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, போன வருடம் நிறுத்தினேன். அழுகை திரும்பி வந்தது. பால் பொங்கி வழிந்தாலும் அழுதேன்.

கூடவே மற்றதெல்லாம் நழுவ ஆரம்பித்தது. சூலியா தெருவில் காரை எங்கே விட்டேன் என்று தெரியாமல் வெயிலில் இரண்டு சுற்று நடந்தேன். பேசிக்கொண்டே இருக்கும்போது பாதியில் நின்றுவிடுவேன், மீதி வராது. டாக்டரிடம் போனேன். மருந்தை விட்டதால் இருக்கலாம், பழைய நோயாக இருக்கலாம், வயதாகவும் இருக்கலாம் என்றார். மூன்றில் ஒன்றைச் சொல்லித் தொலையுங்களேன் என்று கத்திவிட்டேன். மறுபடியும் மாத்திரை தொடங்கலாம், ஆனால் ஞாபகம் திரும்பும் என்று உறுதி தர முடியாது என்றார், கோபப்படாமல்.

அடிதடி வழக்கு ஒன்று. தாசேக் கெலுகோரிலிருந்து வந்த ஓர் அம்மா சாட்சிக் கூண்டில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரரை அடித்ததாக அவருடைய மகன் மேல் குற்றச்சாட்டு. அன்று என்ன நடந்தது என்று கேட்டார்கள். அவர் நிதானமாகச் சொல்லி முடித்தார். நான் மலாயில் ஆரம்பித்தேன். நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. ஆனால் வாய் நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை தாய்மார்கள் அழுதுகொண்டே சொன்ன கதை, அது தானாக வந்து விழுந்தது. மகன் குடித்துவிட்டு வந்து சண்டை போட்டான் என்று சொல்லிவிட்டேன்.

நம்மூரில் யாருக்குத்தான் மலாய் தெரியாது? அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"யம்மா, எம்புள்ள குடிச்சான்னு நான் சொல்லலியே. அவன் சோறு தின்னுக்கிட்டு இருந்தான். பக்கத்து வீட்டுக்காரங்கதான் வந்து சண்டைக்குக் கூப்பிட்டாங்கன்னு சொன்னேன்."

மாஜிஸ்திரேட் திருத்தச் சொன்னார். திருத்தினேன். குற்றவாளிக் கூண்டில் இருந்த மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா மட்டும் மலாய் தெரியாதவராக இருந்திருந்தால், பெற்ற தாயின் வாயாலேயே அவனைக் குடிகாரனாக்கியிருப்பேன்.

வெளியே படிக்கட்டில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். என் கோளாறைச் சொன்னேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். நெடுநேரம் பேசினார். வருடக்கணக்கில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. தேம்பித் தேம்பி அழுதேன்.

சாயங்காலம் பத்து காவான் ஊர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த கணவரிடம் இதைச் சொன்னேன்.

"அப்படி என்னதான் சொன்னாங்க?" என்றார்.

வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார், பிறகு சாப்பிட ஆரம்பித்தார்.

மறுநாள் நானே மேலதிகாரியிடம் போய், இனி என்னைச் சாட்சிக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள் என்றேன். இப்போது கோப்பறையில் இருக்கிறேன். எண்களைப் பார்த்து அடுக்குவேன், சிலசமயம் அதுவும் தப்பும்.

கூண்டில் அந்த அம்மா சொன்னதை இங்கே எழுத முடிந்தது, கோர்ட்டின் ஒலிப்பதிவை வாங்கிக் கேட்டதால்தான். படிக்கட்டில் சொன்னதற்குப் பதிவு கிடையாது. அங்கே கேட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும்தான்.