கிளீனர் விசா

கனடாவில் நிரந்தரமாகக் குடியேறும் அனுமதிக்காக நான் சேர்த்த காகிதங்கள் ஒரு தடித்த ஃபைலை நிறைத்திருந்தன. முத்திரை குத்திய டிகிரி, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், துபாய் போலீஸ் தந்த நன்னடத்தைச் சான்று, மருத்துவப் பரிசோதனை ரசீது. எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. இனி பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள் என்றிருந்தபோது வேறொரு கடிதம் வந்தது. நான் மூன்று வருடம் இன்ஜினியராக வேலை பார்த்ததற்கு ஆதாரமாக, அரசாங்கத்தில் பதிவான வேலை ஒப்பந்தத்தை முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டுமாம்.

அதைத்தான் இத்தனை நாள் அனுப்பாமல் தவிர்த்து வந்தேன். என் ஒப்பந்தத்தில் கிளீனர் என்று இருக்கிறது.

இங்கே துபாயில் இது அதிசயமில்லை. கம்பெனியிடம் எந்த விசா மிச்சமிருக்கிறதோ அதில் ஆளை எடுத்துக்கொள்வார்கள். அல் கூஸில் நாங்கள் கான்கிரீட் கட்டிகளை உடைத்துப் பலம் பார்க்கும் லேபில், கொத்தனார் விசாவில் கணக்கு எழுதுகிறவர் இருக்கிறார். அவர் அதைச் சொல்லிச் சிரிப்பார். நான், வேலையின் பெயர் அச்சாகியிருக்கும் என் அடையாள அட்டையின் பின்பக்கத்தை ரூமில் யாருக்கும் காட்டியதில்லை.

கடிதத்தோடு, கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் பாயிடம் போனேன். கீழக்கரைக்காரர்.

"பாய், நான் இன்ஜினியர் வேலைதான் பாத்தேன், விசா மட்டும்தான் கிளீனர்னு கம்பெனி ஒரு லெட்டர் குடுத்தாப் போதும்."

"நல்லாக் கேட்டீங்க தங்கச்சி. நாங்க சட்டத்த மீறுனோம்னு நாங்களே லெட்டர்பேடுல எழுதித் தரணுமா? மேனேஜர் என்னையும் சேத்து ஊருக்கு ஏத்தி விட்ருவாரு."

"டிசிக்னேஷன மாத்துங்க அப்ப."

"இன்னிக்கி மாத்தலாம். போன மூணு வருஷத்த யாரு மாத்துறது? கலாஸ், அது முடிஞ்சு போச்சு." கடிதத்தைத் திருப்பித் தந்து, "அன்னிக்கி கிளீனர் கோட்டாதான் இருந்துச்சு. படிச்சுப் பாக்காமயா கையெழுத்துப் போட்டீங்க?" என்றார்.

படித்துப் பார்த்துத்தான் போட்டேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ரேஷன் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரை, அம்மா கைநாட்டு வைக்கும் முன் ஒவ்வொரு வரியையும் நான் படித்துச் சொல்லியிருக்கிறேன். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். அந்த வார்த்தையையும் நிறுத்திப் படித்தேன். வேலை கிடைத்தால் போதும் என்று போட்டேன்.

கூட வேலை பார்ப்பவர்களிடம் சாட்சிக் கடிதம் கேட்டேன். எல்லாருக்கும் என் மேல் பிரியம்தான், ஆனால் அவர்கள் விசாவும் அதே கம்பெனியில் இருக்கிறது; ஒருவரும் எழுதித் தரவில்லை. சம்பளச் சீட்டில் பெயரும் தொகையும் மட்டும். சோதனை அறிக்கைகளில் கையெழுத்து சீனியருடையது. மூன்று வருடத்தில் நான் உடைத்த கட்டிகளில் ஒன்றில்கூட என் பெயர் இல்லை.

இருபத்தெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை அம்மா வீடியோ காலில் வந்தாள். முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டும் தற்காலிக வேலை அவளுக்கு. யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டேன். விசா, கோட்டா, கடிதம் எல்லாவற்றையும்.

அம்மா முழுசாகக் கேட்டாள். பிறகு, "கையுறையாவது தராங்களா? எங்களுக்குத் தர மாதிரி கிழிஞ்சதா இருக்கப் போவுது" என்றாள்.

"அம்மா, பேருக்குத்தான் கிளீனர். நான் பாக்குறது இன்ஜினியர் வேலை."

"சரிடி."

"நிஜம்மா."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அதுல என்னா கேவலம்? காலையில ஒரு வாய் சாப்பிட்டு இறங்கு, வெறும் வயித்துல குனிஞ்சா தலை சுத்தும்."

ஹெல்மெட் போட்ட என் படங்களை மறுபடி அனுப்பினேன். அழகா இருக்கே என்று குரல்செய்தி வந்தது.

அன்று மாலையே ஒப்பந்தத்தை அப்லோட் செய்தேன். கூடவே நானே ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதி வைத்தேன். நல்ல ஆங்கிலம்தான். பெற்றவளே நம்பாததை, முகம் தெரியாத ஓர் அதிகாரி நம்ப வேண்டும் என்று அதில் கேட்டிருந்தேன்.