தறி ஓடும்போது மட்டும்

கலையரசியின் மகள் அழமாட்டாள். குடியாத்தத்தில் அந்தத் தெரு முழுக்க இதுதான் பேச்சு. ஏழு வயது சௌம்யா ஊசி போட்டால் முகம் சுளிக்க மாட்டாள், முட்டியில் அடிபட்டால் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுப் போவாள். அப்பன் செத்து ஒன்றரை வருஷம் ஆகியும் ஒரு நாள்கூட அவனைக் கேட்டு நச்சரித்ததில்லை. எவ்வளவு தைரியமாக வளர்த்திருக்கிறாள் என்று கலையரசியை மெச்சாத வாய் இல்லை. மெச்சினவர்களில் ஒருத்தியாவது அந்தப் பிள்ளையின் கண்ணை நேராகப் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாள்.

வீட்டு முன்னறையில் இரண்டு விசைத்தறி. எந்நேரமும் லுங்கி நெய்தபடி ஓடும். ஸ்விட்சைப் போட்டுவிட்டால் காதருகே கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் தொண்டையை வருத்திக்கொள்வதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரில் நிற்பவர் அதைப் பார்த்தே புரிந்துகொள்வார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த அவள் புருஷன் பார்த்திபன், கல்யாணமாகி வந்த புதிதில் "இன்னா, இன்னா" என்று கையை ஆட்டிக்கொண்டு நிற்பான். கடைசிவரை அவனுக்கு அது பிடிபடவே இல்லை. சௌம்யாவோ பேச்சு வருவதற்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டாள்.

மாதனூர் தாண்டி நெடுஞ்சாலையில் அவன் பைக்கை லாரி அடித்தது. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனதும் குழந்தை "அப்பா" என்று வீறிட்டது. கலையரசியால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டாள். குழந்தையின் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அந்த நிம்மதியில்தான் அந்தப் பாவி தப்புச் செய்தாள். பிள்ளையைத் தன் பக்கம் திருப்பி உதட்டசைவில் சொன்னாள்: "அழணும்னா தறி ஓடும்போது அழு. யாருக்கும் கேக்காது. தறி நின்னுட்டா அழக்கூடாது, இன்னா?"

பிள்ளை தலையாட்டியது. சொன்ன சொல்லைத் தட்டவே இல்லை.

கலையரசியும் அப்படித்தான் அழுதாள். ஸ்விட்ச் போர்டு பக்கத்து ஆணியில் பார்த்திபனின் நீல நிறக் கம்பெனிச் சட்டை தொங்கியது. துவைத்தும் தோல் வாடை போகவில்லை. தறி அதிர்வில் அதன் கைகள் லேசாக ஆடும். அதைப் பார்த்துத்தான் தினமும் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். யாருக்குக் கேட்கப்போகிறது என்ற துணிச்சல்.

ஒருநாள் பக்கத்து வீட்டு தில்ஷாத் வந்தாள்.

"கலை, சொன்னா பேஜாராவாத. நேத்து உம் பொண்ணு எங்க வீட்ல இருந்தா. மிக்ஸி போட்டேன். மூலையில போயி வாயத் தொறந்துக்கினு நிக்கிறா, கண்ணு ரெண்டுலயும் தண்ணி. நிறுத்தினதும் தொடச்சிக்கினு வந்து சட்னி குடுன்னு சிரிக்கிறா. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிடுச்சு."

"எம் பொண்ணப் பத்தி எனக்குத் தெரியும்கா" என்று கலையரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை பராமரிப்புக்காகக் காலையிலேயே கரண்டை நிறுத்தினார்கள். தெருவில் எல்லாத் தறியும் ஒன்றாக ஓய்ந்தன. பழக்கமில்லாத அமைதியில் காது ரீங்கரித்தது. பின்கட்டில் துணி அலசிவிட்டு முன்னறைக்கு வந்த கலையரசி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தறி ஓடவில்லை, காற்றும் இல்லை. சட்டையின் கை ஆடிக்கொண்டிருந்தது.

பிறகுதான் இருட்டு மூலையில் சௌம்யா தெரிந்தாள். சட்டையின் நுனியைப் பிடித்து ஆட்டியபடி, அண்ணாந்து அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. கலையரசி தறியை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து மகளின் உதட்டைப் பார்த்தாள்.

என்னையும் கூட்டினு போ. இங்க இருக்க முடியல. என்னையும் கூட்டினு போ.

ஒன்றரை வருஷமாகத் தறிச் சத்தத்துக்குள் கலையரசி சொல்லி வந்த அதே வார்த்தைகள். நடுவில் கீழுதட்டைக் கடித்துக்கொள்வது உட்பட அப்படியே.

"சௌம்யா, இன்னா சொல்ற?"

பிள்ளை திடுக்கிடவில்லை. சாதாரணமாகத் திரும்பியது.

"நீ டெய்லி சொல்றதுதாம்மா. அப்பாவுக்குத்தான் ஒதடு பாக்கத் தெரியாதே, அதான் வரல. சத்தமா கேட்டா வந்துடுவாரு. கேக்கட்டா?"

கலையரசி பாய்ந்து அவளை வாரி அணைத்தாள். அவளையறியாமல் ஒரு கேவல் வெடித்தது. தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். சின்னக் கை ஒன்று அவசரமாக அவள் வாயைப் பொத்தியது.

"அம்மா, தறி ஓடலம்மா. எல்லாருக்கும் கேக்கும்."

"கேக்கட்டும்" என்று அந்தக் கையை விலக்கினாள். "அம்மா எங்கயும் போவ மாட்டேன். உங்கூடத்தான் இருப்பேன். அப்பா இல்லன்னு வயிறு எரியுது, அதான் அப்படிச் சொன்னேன். நீயும் அழு கண்ணு."

சௌம்யா ஸ்விட்ச் போர்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாய் திறந்தது. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. கலையரசி அவள் முதுகைத் தடவிக்கொண்டே காத்திருந்தாள். பிறகு வந்தது சத்தம். அதைக் கேட்டு ஓடிவந்த தில்ஷாத் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. தெருவில் ஒவ்வொரு தறியாக ஓடத் தொடங்கிற்று. கலையரசி ஸ்விட்சைத் தொடவில்லை. சௌம்யா அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.