அஸ்வத்தாமன் என்று பெயர் எடுத்துக்கொடுத்தவர்

காளிராஜ் தன் கடைப் பலகையில் 'பெயரியல் வித்தகர்' என்று எழுதிக்கொண்டபோதே அவர் மனைவி ரத்தினத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ராஜபாளையத்தில் அவர் தொட்டுக் கெடுக்காத தொழில் இல்லை. நூல் கமிஷன் பார்த்தார், நாய்க்குட்டி வாங்கி விற்றார், இன்சூரன்ஸ் பிடித்தார். எதுவும் ஒரு தீபாவளியைத் தாண்டவில்லை. கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை மாடியில் அறை பிடித்து, நெற்றி நிறையக் குங்குமம் அப்பிக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சமஸ்கிருதப் பெயர் எடுத்துக்கொடுக்க உட்கார்ந்தார். சமஸ்கிருதமா? அவருக்குத் தமிழிலேயே லகர ளகரம் தகராறு. செல்போனில் தேடி, வாயில் நுழையாததாகப் பார்த்துப் பொறுக்குவார். பேண்டேஜ் மில்லில் நாளெல்லாம் துணி சுற்றிவிட்டு வரும் ரத்தினத்திடம் அதைப் பெருமையாக வேறு சொல்லுவார்.

"பேரு புரியக்கூடாது ஏட்டி. புரிஞ்சா நம்மகிட்ட எதுக்கு வாரான்?"

"உங்களுக்கே புரியலைல்ல, அப்போ தொழில் நல்லாத்தான் நடக்கும்."

கூமாப்பட்டி சிவபாண்டி தென்னந்தோப்புக்காரன். வெகுநாள் காத்திருந்து பிறந்த மகனைத் தூக்கிக்கொண்டு, மனைவி இந்துவோடு காளிராஜிடம் வந்தான். அவர் கண்ணை மூடித் திறந்து, "அஸ்வத்தாமன்" என்றார். குதிரையின் பலம் கொண்டவன், சாவே இல்லாத சிரஞ்சீவி என்று அர்த்தமும் சொன்னார். சிவபாண்டி காலில் விழுந்து கும்பிட்டுப் போனான். இளநீர்க் குலை வீடு தேடி வந்தது.

மார்கழியில் ஆண்டாள் கோயிலுக்கு வந்த இந்து, அங்கே நடந்த பாரத உபன்யாசத்தைக் கேட்டுவிட்டாள். மறுநாளே அவளும் சிவபாண்டியும் காளிராஜின் ராஜபாளையத்து வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"யோவ், தூங்குத பிள்ளைகள வெட்டுனவன் பேரையா எம்மவனுக்கு வச்சீரு?" என்றான் சிவபாண்டி.

"சிரஞ்சீவிதான தம்பி அவன்..."

"ஆமா, சாபம் வாங்கி, உடம்பெல்லாம் சீழு வடிய, ஒரு சனம் கிட்ட சேக்காம காட்டுல அலையுத சிரஞ்சீவி," என்றாள் இந்து.

"அந்தப் புண்ணுக்கு எங்க மில்லு பேண்டேஜ் அம்புட்டையும் சுத்துனாலும் பத்தாது," என்றாள் ரத்தினம்.

காளிராஜ் அவசரமாகச் செல்போனைத் துழாவினார். "பாரதத்துல இன்னொரு அஸ்வத்தாமனும் இருக்கான். நான் சொன்னது அவன்."

"அது யாரு?"

திரையைப் பார்த்தவர் மெல்லச் செல்போனைக் கவிழ்க்கப் பார்த்தார். எட்டிப் பார்த்து ரத்தினம்தான் படித்தாள். "யானை. பீமன் அடிச்சுக் கொன்ன யானை. அதுவாச்சும் தேவல, யாரையும் கொல்லல."

சிவபாண்டி விடவில்லை. "தையில காதுகுத்து. ஊரே அந்தப் பேரச் சொல்லித்தான் கொஞ்சுது. நீரே வந்து கதைய முழுசாச் சொல்லும். பேர எதுக்கு மாத்துதோம்னு ஊருக்குத் தெரியணும்."

அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்க்கவே ரத்தினம் மில்லுக்கு லீவு போட்டாள்.

கூமாப்பட்டிப் பந்தலில் காளிராஜ் மைக்கைப் பிடித்ததும் கூச்சமெல்லாம் பறந்துவிட்டது. துரோணரின் மகன் பிறந்தவுடன் குதிரை போலக் கனைத்ததையும், நெற்றியில் மணி ஒளிர்ந்ததையும் தானே பெற்றெடுத்தவர் போல வர்ணித்தார். யானை செத்ததையும், தருமர் பாதி உண்மை சொன்னதையும், மகன் இறந்தான் என்று நம்பித் துரோணர் வில்லைக் கீழே போட்டுச் செத்ததையும் சொன்னார். இவருக்கு வெட்கம் என்று ஒன்று வைத்துப் படைக்கவில்லையே என்று ரத்தினம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பன் செத்த ஆத்திரத்துல, ராத்திரி பாண்டவர் பாசறைக்குள்ள போனான். அங்க பிள்ளைகள் தூங்கிட்டு..."

பேச்சு நின்றது. எதிரே, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை இந்துவின் மடியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"பொறவு?" என்றது கூட்டம்.

காளிராஜ் குழந்தையையே பார்த்தபடி மைக்கைக் கீழே இறக்கினார். நடிக்கிறாரோ என்று முதலில் நினைத்த ரத்தினம் எழுந்து நின்று பார்த்தாள்.

"கொன்னுட்டான்," என்றாள் இந்து. "அதச் சொல்ல உமக்கே நாக்கு எழலைல்ல. பெத்தவ நான் தெனமும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடணுமா?"

பிள்ளைக்குத் தாத்தா பெயரான சோலைராஜ் என்றே வைத்தார்கள்.

காளிராஜ் கடையை மூடவில்லை. ஆனால் இப்போது ஒரு பெயரைச் சொன்னால், அதை முன்னே சுமந்தவர்களின் கதையையும் ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறார். பாதிப்பேர் நடுவிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பொய் சொல்லிப் பிழைக்கக்கூடத் துப்பில்லாத மனுஷன் என்று ரத்தினம் வீட்டில் ஏசத்தான் செய்கிறாள். மில்லில் மட்டும், உன் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டால், சும்மா இருக்கார் என்று முன்போலச் சொல்வதில்லை.

"பேரு வைக்காரு," என்கிறாள்.