அம்மாவின் நிரைக்கு வந்த பால் கண்ணாடி

“...பால் தண்ணியா இருக்குன்னு கண்ணாடி சொல்லுது, சரி. தண்ணிய நான்தான் ஊத்துனேன்னும் அதுவா சொல்லிச்சு, கிராணி ஐயா?” என்று அம்மா கேட்டபோது, சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் பால் கொட்டகையில், மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடைக்கு நடுவே வரிசையில் நின்ற அத்தனை பேரும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

தோட்டத்துக் கணக்கு எழுதப் புதிதாக வந்திருந்த அந்த இளம் கிராணி, கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டு அதன் கெட்டியை அளப்பார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘பால் கண்ணாடி’. மூன்று நாளாக அம்மாவின் பாலுக்கு மட்டும் எண் இறங்கியே இருந்தது. ‘தண்ணி ஊத்துறவ’ என்று ஒருத்திக்குப் பெயர் விழுந்துவிட்டால், பதினைந்து வருஷமாக அவள் பால் வெட்டிவந்த மரவரிசை, அதுதான் ‘நிரை’, வேறு கைக்குப் போய்விடும். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் தலைநிமிர்ந்து நடக்கவும் முடியாது. பன்னிரண்டு வயதுப் பெண்ணான நானோ, அறிவியல் பாடத்தில் முதலாவதாக வந்த திமிரில், “கருவி பொய் சொல்லாதும்மா” என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

“நீயும் கிராணி கட்சியா?” என்றாள். அதற்குப் பிறகு சோறு போட்டாளே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும்போது பால் நீர்த்துப்போகும் என்பது வெட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். மற்றவர்களின் மரங்கள் முன்பே தளிர்த்து முற்றியிருந்தன. மேட்டுச் சரிவில் இருந்த அம்மாவின் மரங்கள் மட்டும் அப்போதுதான் செந்தளிரில் நின்றன. பழைய கிராணிக்கு இதெல்லாம் அத்துப்படி. இவரிடம் யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆள்கணக்கு எடுக்கும் ‘பெரட்டு’க் களத்தில் எல்லார் முன்னாலும், நீங்களே வந்து மொண்டு பாருங்கள் என்று அம்மா அவரைக் கூப்பிட்டுவிட்டாள். வராமலிருக்க முடியுமா? கொசுவை அடித்துக்கொண்டே மேடேறி வந்தார். பள்ளி விடுமுறை, நானும் பின்னாலேயே போனேன். பால் வெட்டி வடிந்ததும் அம்மா வாளியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. மரத்தில் கட்டியிருந்த நாலு ‘மங்கு’க் கிண்ணத்துப் பாலை அவரே உயரமான டின்னில் ஊற்றிக் கண்ணாடியை விட்டார். அதே எண். அண்ணாந்து தளிரைப் பார்த்தார்.

“கண்ணாடி சரியாத்தான் சொல்லியிருக்குக்கா. மேல பார்க்காம விட்டது நான்லா.”

அதை அன்று மத்தியானமே பால் கொட்டகையில் எல்லாரும் கேட்கச் சொன்னார், நோட்டிலும் எழுதிவைத்தார்.

அந்த மேடு இப்போது செம்பனைக் காடு. கொட்டகையும் இல்லை, அந்த வாடையும் இல்லை. நான் குடியிருக்கும் பாக்கார் ஆராங்கில் தேத்தண்ணிக் கடைப் பிள்ளைகள் கைப்பேசியை வைத்துக்கொண்டு, அறிவியல் கண்டுபிடிக்க முடியாதது என்று ஏதாவது உண்டா என்று சண்டை பிடிக்கிறார்கள். எல்லை எங்கே என்று எனக்கென்ன தெரியும்? ஒரு கருவி வாய் மூடிய இடத்தில் ஒரு மனுஷி அடுத்த கேள்வியைக் கேட்டதையும், அறிவியல் அங்கிருந்து இன்னும் ஓரடி நடந்ததையும் என் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான்.

அன்று அந்த மேட்டில், கிராணி கண்ணாடியைப் பெட்டிக்குள் வைக்கப் போனார். அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கினாள், தலைத்துணியில் துடைத்தாள், அடுத்த நாலு மரத்துப் பாலை டின்னில் ஊற்றித் தானே மிதக்கவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, எண்ணைப் படிக்க என்னைக் கூப்பிட்டாள்.