முன்னால் போகிறவன் கூவ வேண்டும்

அன்று காலை மத்திகிரி ரோட்டு முனையில் இருந்தவர்கள் இவர்கள். லேத் ஓட்டுகிற பெரியவர், எங்களில் மூத்தவர், ராயக்கோட்டைக்காரர். பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்த கன்னடக்காரர். பிரஸ் ஷாப்பில் என் பக்கத்து மெஷினில் நின்றவன், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த டெம்பரரி. பிறகு நான். டீக்கடைக்காரர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நாங்கள் நின்றது அவருக்குத் தெரிந்திருக்காது. பனி அப்படி.

ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த வருடங்கள். எங்களுக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். மத்திகிரியிலிருந்து கம்பெனி கேட்டுக்கு ஏழு கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு டவுன் பஸ் கிடையாது. நாலு பேரும் சைக்கிள்தான்.

ரேஸ் என்று ஒரு நாளும் யாரும் வாயால் சொன்னதில்லை. முந்தும்போது மணி அடித்துவிட்டுப் போனால் அது சும்மா போவது. மணி அடிக்காமல் முந்தினால் துரத்து என்று அர்த்தம். துரத்துகிறவன் முதலில் டைனமோவைத் தட்டி டயரிலிருந்து விலக்கிவிடுவான். டைனமோ டயரைப் பிடித்துக்கொண்டிருந்தால் சைக்கிள் கனக்கும். விளக்கு போய்விடும். போனால் போகிறது, தெரிந்த ரோடு என்று இருப்போம். அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தோம். முன்னால் போகிறவன் கூவ வேண்டும். பள்ளம் என்றால் பள்ளம். மாடு என்றால் மாடு. பின்னால் வருகிறவன் அந்தக் குரலை நம்பித்தான் மிதிப்பான். கடைசியில் வருகிறவன் ஞாயிற்றுக்கிழமை நாலு சைக்கிள் செயினையும் மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் போட வேண்டும். பெரியவர் வேண்டுமென்றே மெதுவாக வந்து அந்த வேலையை எடுத்துக்கொள்கிறார் என்று கன்னடக்காரர் சொல்வார். இருக்கலாம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. முதலில் கேட்டுக்குப் போகிறவன் நாலு பேர் கார்டையும் பஞ்ச் அடித்துவிடுவான். கார்டுகள் டைம் ஆபீஸ் சுவரில் செருகி இருக்கும். பக்கத்தில் கடிகாரம் வைத்த மெஷின். ஆறு மணிக்குள் அடித்தால் கறுப்பு மை. ஆறு தாண்டினால் சிவப்பு. வாட்ச்மேன் அந்த நேரம் பார்த்துப் பீடி பற்ற வைக்கத் திரும்பிக்கொள்வார். தப்புதான். எல்லாரும் செய்தார்கள்.

டெம்பரரிக்கு அந்த வருடம் ஒரே ஒரு கவலை. இருநூற்று நாற்பது நாள் விடாமல் வேலை செய்தால் பர்மனென்ட் லிஸ்ட்டுக்குப் பெயர் போகும். நடுவில் மூன்று சிவப்பு விழுந்தால் நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். அவனுக்கு இரண்டு விழுந்திருந்தது. மனைவியும் கைக்குழந்தையும் அவள் அம்மா வீட்டில். பர்மனென்ட் ஆனதும் வந்து அழைத்துப் போகிறேன் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு வந்தவன். மாமனார் ஒத்துக்கொண்டது அந்த ஒரு சொல்லுக்காக. அதனால் அவன் காலையில் வணக்கம் சொல்ல மாட்டான். நம்பர் சொல்வான்.

அன்றைக்கு அவன் வந்ததே தாமதம். பின் சக்கரத்தில் காற்று இல்லை. பம்பு வாங்கி அடித்துக்கொண்டு வரும்போது ஐந்து முப்பத்தைந்து. மற்ற நாள் நாங்கள் ஐந்து இருபதுக்குக் கிளம்பிவிடுவோம்.

"அண்ணா, எரநூத்தி முப்பத்தேழு" என்றான் என்னிடம்.

"மொதல்ல போய்ச் சேருடா. அப்புறம் எண்ணலாம்."

"பர்மனென்ட் ஆளுங்களுக்கு எல்லாம் நக்கலுதான்" என்று சிரித்தான்.

பெரியவர் சிரிக்கவில்லை. மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. ரோட்டோரத்து மாட்டுப் பண்ணை வேலிகூடத் தெரியவில்லை. உள்ளே ஒரு மாடு கத்தியது. எங்கிருந்து கத்துகிறது என்று சொல்ல முடியாது. தானும் கன்னடக்காரரும் விளக்கோடு மெதுவாக வருவதாகவும், எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் போனாலும் நாலு கார்டையும் அடித்துவிடும்படியும் பெரியவர் சொன்னார். கன்னடக்காரர் கையை ஆட்டி, பேகா பேகா, சீக்கிரம் என்று விரட்டினார்.

போனோம்.

முதல் இரண்டு கிலோமீட்டர் அவன்தான் முன்னால். அவன் சைக்கிளில் செயின் கவர் வளைந்திருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கடக் கடக் என்று அடிக்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன். டைனமோவைத் தட்டியிருந்தான். நானும் தட்டினேன். அவன் ஒழுங்காகக் கூவிக்கொண்டு போனான். பள்ளம் என்றான். கொஞ்சம் தள்ளி, ஆள் என்றான். போர்வை போர்த்திய ஒருவர் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து போனார். அவன் கூவாமல் இருந்தால் இடித்திருப்பேன்.

ஏரிக்கரை ஏற்றத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது. நான் பக்கத்தில் போனேன். மணி அடிக்கவில்லை. முந்தினேன்.

"வர்றன் இரு" என்றான்.

ஏற்றம் முடிந்ததும் இறக்கம். கை விறைத்துப் போயிருந்தது. காதில் காற்று. பின்னால் கடக் கடக் வேகமாக வந்தது. நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. முதலில் டீசல் நாற்றம் வந்தது. அடுத்து ஏதோ தழை முழங்காலில் உரசியது. வெட்டிப் போட்ட வேப்பங்கிளை. அதற்குள் கறுப்பாக ஒன்று சுவர்போல முன்னால் நின்றது. ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. லாரி. மேலே கிரானைட் கல், ஒரே கல், சங்கிலி போட்டுக் கட்டியது. விளக்கு இல்லை. அச்சு முறிந்து நின்றிருந்தது. டிரைவர் மெக்கானிக்கைத் தேடி ராத்திரியே போய்விட்டார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

லாரியைத் தாண்டின பிறகு கூவ எனக்கு நேரம் இருந்தது. ஒரு சொல்தான். வாயைத் திறந்தேன். கூவினால் நான் எவ்வளவு முன்னால் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. மூடிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் கடக் கடக் கேட்கவில்லை. பின்தங்கிவிட்டான் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

கேட்டில் ஐந்து ஐம்பத்தேழு. நாலு கார்டையும் அடித்தேன். அவன் கார்டைக் கடைசியாக அடித்தேன். கறுப்பு. காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பெரியவரும் கன்னடக்காரரும் ஆறு ஐந்துக்கு வந்திருக்கிறார்கள். கார்டு அடித்திருந்ததைப் பார்த்தார்கள். முன்னால் போன இரண்டு பேரும் உள்ளே இருக்கிறோம் என்று நினைத்து அவரவர் ஷாப்புக்குப் போய்விட்டார்கள். நான், அவன் பின்னால் அவர்களோடு வருகிறான் என்று இருந்தேன். எங்கள் ஷாப் ஒரு மூலை, அவர்கள் ஷாப் வேறு மூலை.

ஆறு இருபதுக்கு சூப்பர்வைசர் வந்து பக்கத்து மெஷினைக் காட்டி ஆள் எங்கே என்று கேட்டார். ஸ்டோருக்குப் போயிருக்கிறான் என்றேன். ஆறே முக்காலுக்கு மறுபடி கேட்டார். வயிறு சரியில்லை, கக்கூஸுக்குப் போனான் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கார்டு கறுப்பில் இருக்கிறது, அதனால் ஆள் உள்ளே இருக்கிறான் என்றுதான் அவரும் போனார்.

அதற்குப் பிறகு பிரஸ்ஸின் ஒவ்வொரு அடிக்கும் அந்த மெஷினைப் பார்த்தேன். எண்ணெய்த் துணி அதன்மேல் நேற்று போட்டபடியே கிடந்தது. பாதிப் பீஸை ரிஜெக்ட் போட்டேன். வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. போக வேண்டுமென்றால் கேட் பாஸ் வேண்டும். பாஸுக்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் கார்டு பொய் என்றாகும். அவனுடைய இருநூற்று நாற்பது அங்கேயே முடிந்துவிடும். அவனுக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலையும் போகும் என்பதை அப்போது தனியாக நினைக்கவில்லை. நினைத்திருப்பேன்.

எட்டு மணிக்கு டீ பெல். கேண்டீனில் பெரியவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் பார்த்தார்.

"எங்கப்பா அவன்?"

"உங்ககூட வரலயா?"

பெரியவர் டம்ளரை வைத்தார். வழியில் ஒரு லாரி நின்றது என்று கன்னடக்காரர்தான் மெதுவாகச் சொன்னார். கிளையை விளக்கில் பார்த்துச் சுற்றிக்கொண்டு வந்தார்களாம். நானும் பார்த்தேன் என்றேன். டீ முடியும்வரை அப்படியே நின்றோம். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெரியவர் போய், தனக்கு நெஞ்சு வலி என்று சொல்லிப் பாஸ் வாங்கினார். பொய் சொல்லத் தெரியாதவர். அன்று சொன்னார்.

அவர் போய்ச் சேரும்போது ஏரிக்கரையில் கூட்டம் இருந்தது. வெயில் வந்திருந்தது. புல் அறுக்க வந்த ஒரு அம்மா பார்த்திருக்கிறாள். கரைக்குக் கீழே, ஆவாரம் புதரில் கிடந்தான். சைக்கிள் அவன்மேல். முன் சக்கரம் லாரிக்கு அடியில் தனியாகக் கிடந்தது. பால் வேன் ஒன்றை நிறுத்தி ஏற்றினார்கள். மணி எட்டு நாற்பது.

வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. குளிரில் கிடந்ததில் ரத்தம் நிறையப் போயிருந்தது. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் காலை நேராக்கி இருக்கலாம் என்று டாக்டர் பெரியவரிடம் சொன்னாராம். பெரியவர் அதை என்னிடம் சொன்னார். ஒருமுறைதான் சொன்னார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் காலில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"கம்பெனியில இருந்து ஆள் வந்தாங்கண்ணா. கார்டு எப்படி அடிச்சிருக்குதுன்னு கேட்டாங்க."

"என்னா சொன்ன?"

"நான்தான் அடிச்சன்னு சொன்னன். சோத்து டப்பாவை மறந்துட்டன், எடுக்கத் திரும்பிப் போனன்னு சொன்னன்."

"அது நிக்காதேடா. கேட் புஸ்தகத்துல எழுதி இருக்கணும்."

"நிக்காதுதான். ஆனா வேற யார் பேரும் வராது. நீ மாட்டினா நாலு பேரும் போவோம். நான் போனா ஒண்ணு."

சொல்லி இருக்கலாம். ஆபீசுக்குப் போய் நான்தான் அடித்தேன் என்று சொல்லி இருக்கலாம். மூன்று பிள்ளைகள் எனக்கு. அவனுக்கு ஒன்று.

புதரில் கிடந்ததைச் சொன்னான். பெரியவரும் கன்னடக்காரரும் மேலே பேசிக்கொண்டு போனது அவனுக்குக் கேட்டதாம். விளக்கு வெளிச்சம்கூடத் தெரிந்ததாம். கூப்பிட வாய் வரவில்லையாம். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டான்.

"லாரி உனக்குத் தெரிஞ்சுதாண்ணா?"

இல்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன்.

"தெரிஞ்சுது" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். நர்ஸ் வந்து போனாள். அவன் சுவரைப் பார்த்தபடியே இருந்தான்.

"மூச்சு இருந்திருக்காது உனக்கு" என்றான். "ஏத்தம் ஏறி வந்தோமில்ல."

ஆமாம் என்றேன்.

அவனை நிறுத்திவிட்டார்கள். பொய்க் கார்டு என்று நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டினார்கள். பெயரைப் பார்த்துவிட்டு வேறு டெம்பரரிகள் தள்ளிப் போனார்கள். வாட்ச்மேன் அதற்குப் பிறகு யாருக்காகவும் திரும்பிக்கொள்ளவில்லை. அவனுடைய மாமனார் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். மகளை அழைத்து வரவில்லை. அவனை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவர் தனியாக வேறு பஸ்ஸில் போனார் என்று கன்னடக்காரர் சொன்னார். அவனுக்குக் கால் இரண்டு அங்குலம் குட்டை. அதற்குப் பிறகு என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

நாங்கள் மூன்று பேரும் அதே ரோட்டில் ரொம்ப வருடம் போனோம். யாரும் யாரையும் முந்தவில்லை. டைனமோவைத் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரவர் செயினை அவரவர் கழுவினோம்.

மத்திகிரியில் அவன் இருந்த ரூமைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். நான் போனேன். ஒரு பாய், ஒரு ஸ்டவ், இரண்டு சட்டை, குழந்தைக்கு வாங்கி வைத்த ஒரு கிலுகிலுப்பை. எல்லாவற்றையும் பையில் போட்டுக் கதவைச் சாத்தப் போனேன். கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. வேலை முடிந்து வந்து ஒவ்வொரு சாயங்காலமும் போட்டது. ஐந்தைந்தாகக் கட்டியிருந்தான். கடைசியில் தனியாக ஒரே ஒரு கோடு.

இரண்டு தடவை எண்ணினேன்.

இருநூற்று முப்பத்தாறு.